பழுப்பு டேப்பின் அடிமுனை

1

இந்தக் கதை என் மேஜையில்தான் பிறந்தது. கேட்டுக்குப் பெயின்ட் அடித்த கையுறையைக் கழற்றாமலே, பார்சல் ஒட்டப் பழுப்பு டேப்பின் முனையைத் தேடிப் படாத பாடுபட்டேன். கையுறையைக் கழற்றியதும் முனை நகத்தில் சிக்கியது. உடனே நாகவல்லியை உருவாக்கினேன். ஆவடியில் போலீஸ் கைரேகை நிபுணர்.

2

'திருமழிசையில் அன்று அடைமழை, தொழிற்பேட்டைச் சாலையில்...'

(அடித்துவிட்டேன். மழையில் தொடங்கினால் என் கதை நகராது.)

நேராகவே சொல்கிறேன். ஒரு பட்டறையில் செம்புக் கம்பிச் சுருள்கள் களவு போயின. கேமராவைச் சுற்றிப் பழுப்பு டேப். மேல் சுற்றில் வாட்ச்மேன் வேம்புலியின் ரேகை பளிச்சென்று இருந்தது. போலீசார் அவரைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"இன்னாடா இது கேமராவுலன்னு மேல் சுத்த மட்டும் பிரிச்சேம்மா. ஒட்னது நானில்ல. பொண்ணுக்கு நிச்சயம் வச்சிகீறோம், மானமே பூடும்" என்றார் வேம்புலி, நாகவல்லியிடம்.

"நான் அந்தக் கேமராவயோ டேப்பயோ தொட்டதே இல்ல மேடம். இவன்தான்" என்றார் சூப்பர்வைசர் கிஷோர்.

3

இங்கேதான் சறுக்கினேன். சூப்பர் க்ளூ பசையைச் சூடாக்கி, அந்த ஆவியில் ரேகை வெண்மையாக எழும்பும் காட்சியை உருகி உருகி எழுதியிருந்தேன். நாகவல்லி முறைத்தாள். (என் பாத்திரம்தான். வாய் அதிகம்.)

"ஒட்டுற பக்கத்துக்கு அது சரிப்படாது சார். வெறும் பவுடர் போட்டாலும் மொத்தமா அப்பிக்கும்."

ரேகை எடுக்கும் கறுப்புப் பொடியைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் குழைத்தாள். டேப்பின் அடிமுனையில், பசைப் பக்கத்தில் தடவி, தண்ணீரில் அலசினாள்.*

* அடிமுனை எல்லாச் சுற்றுக்கும் கீழே கிடப்பது. மேல் சுற்றைப் பிரித்தவர் விரல் அங்கே போகவே முடியாது. சுற்றியவர் விரல் போகாமல் இருக்க முடியாது.

4

சோகமான முடிவு ஒன்று கைவசம் இருந்தது: ரேகை கலங்கிவிடுகிறது, வேம்புலி தலைகுனிந்து...

வேண்டாம். எனக்கு மனம் வரவில்லை.

வந்தது ரேகை! வரி வரியாக, முழுக் கட்டைவிரல். நாகவல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேம்புலியுடையது இல்லை. பட்டறை ஆட்கள் எல்லாருடைய ரேகையோடும் ஒப்பிட்டாள். கிஷோர்! கையுறையோடு திருட வந்தவர், முனை கிடைக்காமல் அதைக் கழற்றியிருக்கிறார். சந்தோஷத்தில் நானும் மேஜையைத் தட்டினேன்.

"நிச்சயத்துக்கு நீ வந்தே ஆவணும்மா" என்று அழுதுகொண்டே சிரித்தார் வேம்புலி.

"வராம எங்க போவேன்?" என்றாள் நாகவல்லி.

கிஷோரிடம் அந்த ரேகையைக் காட்டிய இடத்தை நான் எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பழுப்பு டேப் கிடக்கும். கையுறை மாட்டிக்கொண்டு முனையைத் தேடுங்கள். எப்படியும் கழற்றுவீர்கள். கழற்றியதும் உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள். கிஷோர் முகம் தெரியும். மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.