இரண்டாம் விளம்பரத்துக்குப் பிறகு

மகள் ஆசையாகத்தான் செய்தாள். அப்பா பேக்கரி மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு, அம்மா நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு, இரண்டு பேரும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்னதான் செய்வார்கள்? அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வருஷக்கணக்காக ஓடிய துப்பறியும் தொடரை முதலிலிருந்து கடைசி வரை டி.வி.யில் வரவழைத்துக் கொடுத்தாள். நர்ஸம்மாவுக்கு வாயெல்லாம் பல். மாஸ்டர் மட்டும் "எதுக்கும்மா வீண் செலவு?" என்றார்.

காரணம் இருந்தது. அந்த நாளில் வெள்ளி என்றால் நர்ஸம்மாவுக்கு இரவு டூட்டி. ஒரு பாகம்கூடப் பார்த்ததில்லை. மாஸ்டர் பார்த்துவிட்டு, சனிக்கிழமை அவள் களைத்துப்போய் வந்து உட்கார்ந்ததும் கதை சொல்வார். யார் செத்தது, யார்மேல் சந்தேகம், கடைசியில் யார் மாட்டியது என்று ஒன்று விடாமல் சொல்வார். அவளும் தூக்கத்தை மறந்து கேட்பாள். ஒரே ஒரு சிக்கல். விடியுமுன்னே மாவு பிசையப் போகிற மனிதருக்கு இரண்டாவது விளம்பரம் வந்தால் கண் சொருகிவிடும். தொடர் ஓடிய அத்தனை வருஷத்தில் ஒரு முடிவைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை.

முதல் தடவை, தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு ஏதோ அளந்துவிட்டார். அவள் "அட, அப்படியா!" என்றாள். அந்த "அட"வுக்கு ஆசைப்பட்டே மனிதர் கெட்டுப்போனார்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து, இருவரும் சோபாவில் உட்கார்ந்து முதல் பாகத்தைப் போட்டார்கள். தொடருக்கு நன்றாகவே வயதாகியிருந்தது. கதவைச் சாத்தினால் சுவர் ஆடியது. செல்போன் செங்கல் கனத்தில் இருந்தது. இன்ஸ்பெக்டர் கையுறை இல்லாமல் எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, பிணத்துக்குப் பக்கத்திலேயே சிகரெட் பற்றவைத்தார். பெண்கள் ட்ரேயோடு வந்தார்கள், அழுதார்கள், ட்ரேயோடு போனார்கள்.

"பொணம் மூச்சு விடுதுங்க" என்றாள் நர்ஸம்மா.

"நடிக்க வந்தவன் மூச்சு விடாம எப்படி இருப்பான்?"

"கட்டைவிரலை வெச்சு நாடி பாக்கறான் பாருங்க. அதுல அவனோட நாடிதான் தெரியும்."

மாஸ்டர் விளம்பரத்துக்காகக் காத்திருந்தார். அந்தச் சாக்கில் மின்விசிறியைத் துடைக்கலாம், வயிற்று வலி என்று படுக்கலாம். ஆனால் இந்தக் காலத்து டி.வி.யில் விளம்பரமே இல்லை. கதை நிற்காமல் ஓடி முடிவுக்குள் நுழைந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். பளாரென்று ஓர் அறை. "நான்தான் சார் செஞ்சேன்" என்று வாட்ச்மேன் அழுதான். அவ்வளவுதான் துப்பறிதல்.

"வாட்ச்மேனா? முதலாளியோட தம்பின்னுல்ல சொன்னீங்க?"

"மாத்திட்டாங்க" என்றார் மாஸ்டர், யோசிக்காமல். "இப்போல்லாம் பழசை அப்படியே போடறதில்ல. கம்பெனிக்காரன் முடிவை மாத்திடறான்."

"அதே ஆளு, அதே முகம். எப்படி மாத்துவான்?"

"கம்ப்யூட்டர்."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு யாரும் மேலே கேட்பதில்லை. நர்ஸம்மாவும் கேட்கவில்லை. இரண்டாம் பாகத்தில் மாஸ்டர் சொன்ன டாக்டர் பெண்டாட்டிக்குப் பதில் கொன்றது சமையல்காரன், அதையும் கம்பெனிக்காரன் மாற்றிவிட்டான். மூன்றாம் பாகத்தில் தோட்டக்காரன். நர்ஸம்மா கோபத்தில் மகளுக்குப் போன் போட்டு, இவ்வளவு அநியாயம் செய்கிற கம்பெனிக்கு எதற்குச் சந்தா கட்டினாய் என்று ஒரு பிடி பிடித்தாள்.

நான்காம் பாகம் கப்பலில் நடந்த கொலை. கப்பலைத் துடைக்கிற பையன் அறை வாங்கி அழுததும், அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, முதலாளி தம்பி எப்படி மாட்டினான்னு சொன்னீங்க?"

"ஷூவுல மாவு ஒட்டியிருந்துது."

"டாக்டர் பொண்டாட்டி?"

"பிசைஞ்சு வெச்ச மாவு எவ்வளவு பொங்கியிருந்துதுன்னு பாத்து, நேரத்தைக் கணக்குப் போட்டு..."

"இந்தக் கப்பல் கேப்டன்?"

மாஸ்டர் தரையைப் பார்த்துச் சொன்னார். "ரொட்டி அடுப்புல சூடு ஆறலை."

"எண்ணெய்க் கப்பல்ல, நடுக்கடல்ல, ரொட்டி அடுப்பு." அவள் அவரையே பார்த்தாள். "உலகத்துல ஒரு கொலையாவது மாவு இல்லாம நடந்துதாங்க?"

மாஸ்டர் எழுந்து மின்விசிறியைத் துடைக்கத் துணி தேடினார்.

"தூங்கியிருக்கீங்க" என்றாள். "ஒவ்வொரு வாரமும்."

தூங்கியதுகூட அவளுக்குப் பெரிதில்லை. "வார்டுல பெரிய சிஸ்டர் தலையில அடிச்சு சொன்னாங்க, கொன்னது சமையல்காரன்தான்னு. எங்க வீட்டுக்காரர் கண்ணால பாத்தாருன்னு நான் சண்டை போட்டேன். ரெண்டு வருஷம் அவங்க முகம் பாத்துப் பேசல. உங்களை நம்பி!"

அன்றே பெரிய சிஸ்டருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்பு அரை நிமிஷம், முழங்கால் வலிப் பேச்சு ஒரு மணி நேரம். வீட்டுக்காரருக்கு மட்டும் மன்னிப்பு இல்லை. பால் தீர்ந்துவிட்டது என்று அவர் சொன்னால் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். மழை வருகிறது என்றால் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினாள். எனக்குத் தலை வலிக்கிறது என்றார் ஒரு நாள். தெர்மாமீட்டரை எடுத்து வந்துவிட்டாள். மாஸ்டருக்குத் தாங்கவில்லை. இனி வாழ்நாள் முழுக்க இவள் என் பேச்சை நம்பவே மாட்டாளோ என்று பயந்தார். ஒரே ஒரு கதையையாவது கண் கொட்டாமல் பார்த்து, உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தார்.

ஐந்தாம் பாகத்தில் அந்த வாய்ப்பு வந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். நர்ஸம்மாவின் தலை மெல்லச் சாய்ந்து மாஸ்டரின் தோளில் விழுந்தது. குறட்டைகூட வந்தது. மாஸ்டருக்கும் கண் சொருகியது. தொடையைக் கிள்ளிக்கொண்டார். தோளை அசைக்காமல், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாகத்தை முடிவு வரை பார்த்தார்.

இதற்காகவா ஊரே விழித்துக் கிடந்தது! ஒரு டிரைவரைக் கூட்டி வந்தார்கள். அறைந்தார்கள். ஒப்புக்கொண்டான். இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடந்தார். எழுதியவனும் இரண்டாம் விளம்பரத்தோடு தூங்கிவிட்டான் போல.

நர்ஸம்மா கண் விழித்தாள். "முடிஞ்சுதா? யாரு?"

"டிரைவர்."

"எப்படிக் கண்டுபிடிச்சான்?"

"கண்டுபிடிக்கல. அடிச்சான், அவன் ஒத்துக்கிட்டான்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஒரு சிட்டிகைகூட நான் சேக்கல."

அவள் விடுவாளா? ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி, ஜீப்பிலிருந்து கறுப்புக் கண்ணாடி வரை முழுசாகப் பார்த்தாள். மாஸ்டர் பரீட்சை முடிவுக்கு நிற்பவர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னது அச்சாக அப்படியே இருந்தது. அவள் முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது. ஆனால் சந்தோஷமும் வரவில்லை.

"பாவங்க அந்த டிரைவர். எதுக்குக் கொல்லப் போறான்? அன்னிக்குத்தான் அவன் பொண்ணுக்கு ஸ்கூல்ல இடம் கிடைச்சிருக்கு."

"நானும் அதைத்தான் நெனச்சேன்."

"உங்க இன்ஸ்பெக்டர் யாரையும் கை நீட்டி அடிச்சதே இல்லையே."

"அடிக்கிற நேரத்துல நான் தூங்கியிருப்பேன்" என்றார் மாஸ்டர், உண்மையாக.

நர்ஸம்மா டி.வி.யை அணைத்தாள். அவர் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"சரி, அவன் சொன்னதை விடுங்க. உண்மையில கொன்னது யாரு?"