கழுவாத எட்டுக் கல்

மாதம்மாளுக்குக் கோயில் கல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. எழுபத்தெட்டாம் வருஷம் அந்தக் கைதான் ஊரையே கவிழ்க்கப் பார்த்தது.

ஜவ்வாது மலையில் மேல்கொட்டாய் கல்லீசுவரன் கோயிலுக்குக் காரை கிடையாது. கல்லோடு கல்லைப் பல்லும் குழியுமாகச் செதுக்கிக் கோத்திருந்தார்கள் அந்தக் காலத்து ஆட்கள். அரசவேர் புகுந்து தென்சுவர் வயிறு தள்ளிவிட்டது. வேலைக்கு ஓவர்சீயர் பாண்டுரங்கன் வந்தார். பூசாரி சாமியைக் கலசத்தில் இறக்கிக் கீற்றுக் கொட்டகையில் வைத்தார். ஓவர்சீயர் சுவரைப் பிரித்து, நூற்றுப் பன்னிரண்டு கல்லையும் ஒரு பந்தலுக்கடியில் பரப்பி, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் நம்பர் எழுதினார். எந்த நம்பர் எங்கே போகும், நீளம் அகலம் என்ன என்பதெல்லாம் அவர் நோட்டில் இருந்தது. கார்த்திகை தீபத்துக்குள் சாமி உள்ளே போய்விடுவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பினார்.

அவர் இல்லாத நாலு நாளில்தான், வருஷா வருஷம் ஊர்ப் பெண்கள் கோயில் கல்லைப் புளி போட்டுத் தேய்க்கும் ஐப்பசிக் கழுவல் வந்தது. அந்த ஊருக்குக் கோயில் சாமியின் வீடு மட்டும் இல்லை, சாமியின் உடம்பே அதுதான். அடிவரிசை பாதம், சுவர் உடம்பு, மேலே கழுத்து, தலை. எந்தக் கல் எந்த வீட்டுக்கு என்பதற்குக் கணக்கு உண்டு. மாமியார் கழுவிய கல்லை மருமகள் கழுவுவாள். அடுத்த வீட்டுக் கல்லை ஒருத்தி தொடமாட்டாள்.

"சாமி கீழ எறங்கிட்டாருன்னா குளிக்காமயே கெடப்பாரா?" என்று சொல்லி முதல் ஆளாகப் புளியைக் கரைத்தவள் மாதம்மாள்தான். பெண்கள் தேங்காய் நாரும் கையுமாக உட்கார்ந்து தேய்தேய் என்று தேய்த்தார்கள். புளித்தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு நிற்குமா?

திரும்பி வந்த பாண்டுரங்கன் பளிச்சென்று கிடந்த கற்களைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "இன்னாம்மா பண்ணி வச்சிருக்கீங்க? பாதிக் கல்லு ஒரே அளவு, நம்பர் இல்லாம எத எங்க வைக்கறது?"

சாமியைக் கொட்டகையிலேயே நிறுத்திவிட்டோமே என்று மாதம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் கல் ஒன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "சார், இது கெழக்கு மூலையிலிருந்து ரெண்டாவது. இந்தக் குழியில என் நகம் மாட்டாத வருசமே கெடையாது."

அவர் நோட்டைப் பார்த்து அளந்தார். சரியாக இருந்தது. அப்புறம் சாந்தம்மாள் தன் கற்களைக் காட்டினாள், காந்தா காட்டினாள். பொழுது சாய்வதற்குள் நூற்று நாலு கல்லுக்கு இடம் தெரிந்துவிட்டது. மீதி இருந்தது அடிவரிசைக் கல் எட்டு. பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்த அவற்றில் மட்டும் நம்பர் அழியவே இல்லை.

"இத மட்டும் ஏன் வுட்டீங்க?"

"அது எங்க கொழுந்தனார் சம்சாரம் மங்கம்மா கல்லுங்க" என்றாள் மாதம்மாள்.

அது ஒன்பது வருஷத்துக் கதை. பாகம் பிரித்தபோது நிலம், புளியமரம் எல்லாம் சரிபாதி. பாதக்கல் பதினாறில் மட்டும் மாமியார் மூத்த மருமகள் மாதம்மாளுக்கு ஒன்பது, இளையவள் மங்கம்மாளுக்கு ஏழு என்றாள். "சாமி பாதத்துல கூடவா எனக்குக் கொறச்சல்?" என்று கேட்டுவிட்டுப் புருஷனோடு அடிவாரத்து ஒடுகத்தூருக்கு இறங்கிய மங்கம்மாள், அப்புறம் மலை ஏறவே இல்லை.

"நம்பர்தான் இருக்குதே, அப்படியே தூக்கி வச்சிடலாம்" என்றார் பாண்டுரங்கன்.

"கழுவாத கல்லு ஏறக்கூடாதுங்க. பாதம் இல்லாம உடம்ப எப்படி நிறுத்துவீங்க?"

"அப்ப நீயே கழுவிடும்மா."

"என் கல்லு இல்லீங்களே" என்றாள் மாதம்மாள்.

விடிந்ததும் மலை இறங்கினாள். மங்கம்மாள் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"மங்கா, கோயிலு ஏறணும். ஒன் கல்லுக்காக நிக்குது."

"இத்தினி வருசமா யாரும் கழுவலியா?"

"ஒன் கல்ல யாருடி தொடுவாங்க?"

மங்கம்மாள் நாலு மல்லாட்டையை உடைத்தாள். ஐந்தாவதை முறத்திலேயே போட்டாள். "புளி அங்க இருக்குதா, நான் எடுத்துக்கினு வரணுமா?"

"புளியமரத்துக் கீழ குடியிருக்கறவகிட்ட கேக்கறா பாரு" என்றாள் மாதம்மாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கோயிலில் மங்கம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நம்பர் அழிவதற்குள் எந்தக் கல் எது என்று பாண்டுரங்கன் அடையாளத்தோடு அவசர அவசரமாக நோட்டில் குறித்துக்கொண்டார். ஏழு கல்லைக் கழுவிவிட்டு அவள் எழுந்தாள்.

"இன்னும் ஒண்ணு கெடக்குது பாரு" என்றாள் மாதம்மாள்.

"எனக்கு ஏழுதானேக்கா?"

"நீ மலையெறங்கின வருசத்திலிருந்து அத நான் கழுவறதில்ல. ஒனக்கு எட்டு, எனக்கு எட்டு."

மங்கம்மாள் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. "ஒம்போது வருசமா சாமி பாதத்த அழுக்கோட வுட்டுட்டியேக்கா" என்று திட்டினாள்.

"நீ வரலன்னா நான் இன்னாடி பண்றது?"

மங்கம்மாள் உட்கார்ந்து எட்டாவது கல்லைத் தேய்த்தாள். மாதம்மாள் கல்லைத் தொடவில்லை, சொம்பில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினாள்.