எடை பார்த்து எடுத்த வீடு

எடைமேடைக்காரியின் மகள் நகரத்தில் பதினோரு கிலோ இருந்தாள். பேருந்தில் நாற்பது நிமிடம் தள்ளியிருந்த மில் ஊரில் அறுபத்திரண்டு கிலோ இருந்தாள். வயது ஒன்றே முக்கால். பேருந்தை விட்டு இறங்கியதிலிருந்தே அம்மாவுக்குக் கை கடுத்தது. வெயில், சரியான தூக்கமில்லை, காலையில் அவசரமாகக் கிளம்பியது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். விற்பனைக்கு இருந்த வீட்டின் சமையலறையில் குழாயைத் திறந்து பார்ப்பதற்காக அவள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். குழந்தை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் தரையைத் தட்டிப் பார்த்தது, வீடு வாங்க வந்தது தான்தான் என்பது போல. குழாயில் தண்ணீர் நன்றாகவே வந்தது. மறுபடி தூக்கக் குனிந்தபோது குழந்தை அசையவில்லை. அப்பா முயன்றான், முதுகில் ஏதோ சுளுக்கிக்கொண்டது. “சாப்பிட்டா குழந்தைங்க கொஞ்சம் கனக்கும் மேடம்” என்றார் தரகர், விற்கிற எந்த வீட்டிலும் குறை ஒப்புக்கொண்டு பழக்கமில்லாதவர். கடைசியில் அவரும் அப்பாவும் எதிர்வீட்டுப் பெயிண்டரும் சேர்ந்து, சிமெண்ட் மூட்டை இழுக்கிற தள்ளுவண்டியில் அவளை ஏற்றி, பேருந்து நிறுத்தத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நடத்துனர் சுமைக்கூலிச் சீட்டு ஒன்று கிழித்துக் கொடுத்தார். ஊர் எல்லைப் பாலம் தாண்டியதும் குழந்தை பழையபடி பதினோரு கிலோவாகி அம்மா மடியில் தூங்கிப்போனது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டதே எடைதான். அம்மா நெடுஞ்சாலையோரத்து எடைமேடையில் லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டு கொடுப்பவள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் எத்தனை பேர், எத்தனை கிலோ என்ற தகட்டைத்தான் முதலில் படிப்பான். குழந்தைக்கு வைத்த பெயர் ஆவணங்களில் இருந்தது, வீட்டில் குண்டுமணி. மூவரும் நகரத்தில் ஒரே அறையில் இருந்தார்கள். தொட்டில் குளிர்பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்ததால் கதவு பாதிதான் திறக்கும். குண்டுமணி மூன்று அடி நடந்தால் தானாகத் திரும்பிவிடுவாள். நான்காவது அடிக்கு அங்கே இடம் இருந்ததில்லை. ஒருநாள் பூங்காவில் விட்டபோதும் அவள் மூன்று அடி வைத்துவிட்டுத் திரும்பினாள். அதைப் பார்த்த அன்றுதான் வீடு வாங்கியே தீருவது என்று முடிவானது. வங்கி கொடுக்க ஒப்புக்கொண்ட கடனுக்கு நகரத்துக்குள் ஒரு கார் நிறுத்தும் இடம் கிடைத்திருக்கும், அதுவும் சின்னக் கார். ஆகவே ஞாயிறுதோறும் புறநகர் ஊர்களாகப் பார்க்கக் கிளம்பினார்கள்.

அப்பாவுக்கு மில் ஊர் மனதில் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. மில் மூடி இருபது வருடம் ஆகியும் பேர் மட்டும் போகாத ஊர் அது. அழகென்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் இரண்டு அறை, விரிசல் இல்லாத சுவர், நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், கையைக் கடிக்காத விலை. அம்மா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. எடைமேடையில் அவள் படித்த பாடம் ஒன்றுதான்: கூடுதல் எடை என்றால் கோளாறு, அபராதம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

“பிள்ளை வேண்டாம்னு சொல்றா. உங்களுக்குப் புரியலையா?”

“எங்க சொன்னா? அவளுக்கு இன்னும் ‘அம்மா’வே முழுசா வரல.”

“வாயால சொல்லணுமா? அப்படியே கல்லா உக்காந்துட்டாளே, பாத்தீங்கல்ல?”

அதற்குப் பிறகு அவள் தண்ணீர், சாக்கடை, மருத்துவமனை எதையும் விசாரிக்கவில்லை. எடை பார்க்கும் மெஷினைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு ஊரிலும் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தையை அதில் நிற்க வைத்தாள். கல்லூரி இருந்த ஊரில் பதினான்கு. செங்கல் சூளைகளுக்குப் பக்கத்து ஊரில் இருபத்து மூன்று. புதிதாகக் கட்டிய ஒரு அடுக்குமாடியில் மெஷினே தேவைப்படவில்லை. மூவரும் தரகரும் ஏறியதும் லிஃப்டில் அதிக எடை மணி அடித்தது. லிஃப்ட் மெக்கானிக் தன் தொழில் மரியாதைக்காக அரைமணி நேரம் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, லிஃப்டில் ஒரு குறையும் இல்லை என்று வருத்தத்தோடு மூடினான். ஒன்பது ஞாயிறுகள் இப்படிப் போயின. பத்தாவது ஞாயிறு ஏரி ஊரில் குண்டுமணி இரண்டரைக் கிலோ இருந்தாள். அம்மா அவளை ஒரு உள்ளங்கையில் நிறுத்தித் தெருமுனை வரை நடந்தாள். அத்தனை மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து அப்பா பார்த்ததில்லை. வீடு சின்னது, விலை பெரியது, ஜன்னலைத் திறந்தால் ஏரி. அவன் கணக்குப் போட்டுப் பார்த்து வாயைத் திறக்கப் போனவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். கடைசியில் அவன் யோசனைப்படி ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பது, பிறகு வாங்குவது என்று பேச்சு முடிந்தது. அவன் வாழ்க்கையில் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அது ஒன்று.

ஏரி ஊரில் முதல் மாதம் குண்டுமணியின் குதிகால் தரையில் படவில்லை. இரண்டாம் மாதம் மேசை உயரத்தில் இருந்தாள். விசிறியைப் போடக் கூடாது என்று அப்பா சுவிட்சின் மேல் காகிதம் ஒட்டினான். அம்மாவுக்கு இதிலெல்லாம் பயம் தோன்றவில்லை, பெருமைதான். பாலாடை போல வளர்கிறாள் என்று எடைமேடையில் எல்லோரிடமும் சொன்னாள். மெத்தென்ற துணியில் ஒரு இடுப்புப் பட்டி தைத்து, அதில் நீளமாக ஒரு நாடா கோத்து, சமைக்கும்போது அலமாரிக் கைப்பிடியிலும் துவைக்கும்போது குழாயிலும் கட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “என் தங்கச்சி பையனும் இப்படித்தான் இருந்தான், பல்லு முளைச்சதும் இறங்கிட்டான்” என்று தைரியம் சொன்னாள். குண்டுமணிக்கு எல்லாப் பல்லும் முளைத்து முடிந்திருந்தது. அவள் எதற்கும் அழவில்லை. பொம்மையைக் கேட்கவில்லை. கொடுத்தால் வாங்கினாள், கை நழுவிக் கீழே விழுந்தால் குனிந்து பார்க்கவில்லை. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது முன்பு போல அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. நல்ல குழந்தை, தொந்தரவே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவும் கொஞ்ச நாள் அப்படியே நம்பினாள்.

மூன்றாம் மாதம் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது கொடிக்கம்பியில் போட்ட முடிச்சு அவிழ்ந்தது. அம்மா திரும்பிப் பார்த்தபோது குழந்தை தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருந்தாள். அம்மா தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறி, விளிம்பில் நின்று, எம்பி, ஒரு குதிகாலைப் பிடித்தாள். அரைச் சாண் தவறியிருந்தால் ஏரிக்கு மேலே போயிருக்கும். பிடித்து இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தொட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவளை அறுத்தது பயமில்லை. மேலே போய்க்கொண்டிருந்த குழந்தை ஒரு தரம்கூடக் கீழே பார்க்கவில்லை. அம்மாவைத் தேடவில்லை. அந்தப் பக்கம் சாய்ந்த வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் எடைமேடையில் காற்று பலமாக இருந்தது. சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரியின் காலி எடையைப் பதிய வேண்டும். எண்கள் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தன. அவள் மூன்று முறை அழித்து அடித்தாள். ஓட்டுநர் கண்ணாடி ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, எல்லா ஓட்டுநர்களும் சலித்துக்கொள்கிற குரலில் சலித்துக்கொண்டார்: “காலி வண்டின்னாலே இந்தத் தொல்லைதான் மேடம். காத்து இழுக்கற பக்கம் போகும். லோடு இருந்தா பாருங்க, ரோட்டைப் பிடிச்சிட்டு நிக்கும்.” அவர் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவள் அடுத்த லாரிக்குப் பச்சை விளக்கு போட மறந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் பதினோரு வண்டி சேர்ந்து ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தாள். மில் ஊர்ச் சமையலறையில் குழந்தை தரையைத் தட்டிப் பார்த்தது, தூக்கியபோது உதட்டைக் கடித்துக்கொண்டு தரையை விடாமல் இருந்தது, தள்ளுவண்டியில் ஏற்றியபோதுதான் அழுதது எல்லாம் அவளுக்கு இப்போது வேறு மாதிரி தெரிந்தன. அவள் எடையைச் சரியாகத்தான் பார்த்திருந்தாள். சீட்டைத் தப்பாகப் படித்துவிட்டாள்.

அன்று மாலை வேலையிலிருந்து வந்த கணவனிடம், அந்த மில் ஊர் வீடு இன்னும் இருக்கிறதா என்று தரகரைக் கேட்கச் சொன்னாள். அவன் முதலில் சந்தோஷப்பட்டான். பிறகு யோசித்தான்.

“அங்க போனா உன்னால அவளைத் தூக்கவே முடியாது. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“இப்பதான் ரெண்டு வயசு முடிஞ்சிருக்கு.”

“தெரியும்னு சொல்றேன்ல” என்றவள் அழுதாள். ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்கிற காலம் ஒரு தாய்க்குக் கிடைப்பதே மூன்று, நான்கு வருடம். அதில் பாதியை அவள் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. குழந்தை தன்னோடு இருக்க வேண்டுமானால் தன் கையில் இருக்கக் கூடாது என்றால், யாரிடம் போய் இது என்ன நியாயம் என்று கேட்பது? அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

வீடு விற்காமல்தான் இருந்தது. சாமான்களை முன்னால் அனுப்பிவிட்டு அவர்கள் பேருந்தில் போனார்கள். குழந்தையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று அவன் இரண்டு தரம் கேட்டும் அவள் கொடுக்கவில்லை. பாலத்தில் இருபது கிலோ இருக்கும் என்று அவள் கை சொன்னது. அது பொய் சொல்லாத கை. நிறுத்தத்தில் இறங்கும்போது முப்பது. தபால் நிலையத்தின் அருகே அவள் நடை கோணியது, ஒரு செருப்பின் வார் அறுந்தது. கணவன் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். சலூன் வாசலில் நாற்பத்தைந்து. குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எதிரில் வருவோர் போவோரையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. சலூனுக்கு அடுத்த மாவு மில் வரை போய்விடலாம் என்று நினைத்தாள். முடியவில்லை. மெல்லக் குனிந்து, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து, மகளைத் தெருவில் இறக்கி வைத்தாள். குண்டுமணி மூன்று அடி நடந்தாள். நான்காவது வைத்தாள். பிறகு வீடு இருக்கும் சந்து வரை ஓடினாள். பின்னால் வந்தவர்களுக்குப் பாதத்தில் அதிர்வு தெரிந்தது.

அந்த ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டிலுக்கு இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்த வெல்டர், மாடுகளுக்குக்கூட இந்தக் கனத்தில் செய்ததில்லை என்று கூலி கொஞ்சம் அதிகம் கேட்டார், அவ்வளவுதான். முதல் வருடம் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் உடைந்தன. புதிதாகச் சிமெண்ட் பூசிய நடைபாதையில் அவள் நடந்த தடம் இன்றும் இருக்கிறது; மழை பெய்தால் சிட்டுக்குருவிகள் அதில் குளிக்கும். பள்ளிக்கூடத்தில் ஏற்ற இறக்கப் பலகையின் ஒரு முனையில் அவள் உட்கார்ந்தால் மறுமுனையில் ஏழு பிள்ளைகள் உட்கார வேண்டியிருந்தது, அதனால் அவளுக்கு ஒரே நேரத்தில் ஏழு சிநேகிதர்கள் கிடைத்தார்கள். மருத்துவர், ஆரோக்கியமான குழந்தை, இனிப்பை மட்டும் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். நகரத்துக்குப் போனாலாவது ஒருநாள் தூக்கிக்கொள்ளலாம் என்று அம்மா கொஞ்ச காலம் ஆசை வைத்திருந்தாள். குடிவந்த மூன்றாம் மாதம் அழைத்துப் போனாள். பாலம் தாண்டியும் எடை குறையவில்லை. அதற்குள் அது ஊருடையதாக இல்லாமல் மகளுடையதாகிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த ஆசையை அவள் விட்டுவிட்டாள். மகள் பொம்மையைக் கேட்டு அழுதாள், அப்பா கிளம்பும்போது கதவை மறித்துக்கொண்டு நின்றாள், அவள் நின்றால் யாராலும் வெளியே போக முடியாது. அம்மா தரையில் உட்கார்ந்து சோறூட்டினாள், தரையில் படுத்துக் கதை சொன்னாள். ஆனால் தெருவில் எவளாவது இடுப்பில் குழந்தையோடு போனால் அவள் கை தானாக இடுப்புக்குப் போகும்.

குண்டுமணிக்கு ஒன்பது வயதானபோது எடை நூற்று முப்பத்தாறு. அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், பள்ளி விட்டு வந்த மகளை அழைத்துக்கொண்டு திரும்பும்போது, சாலையைக் கடக்கும் மேம்பாலப் படியில் பாசி வழுக்கி அம்மா விழுந்தாள். கணுக்கால் பிசகிவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. மழையில் ஒரு வண்டியும் நிற்கவில்லை. குண்டுமணி புத்தகப்பையை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அம்மாவிடம் குனிந்தாள். ஏழு வருடம் அந்த உடம்பைச் சுமந்து நடந்த கால்கள் அவை.

“ஏய், வேணாம்டி, ரெண்டு பேரும் விழுவோம்.”

“கழுத்தைப் பிடிச்சுக்கோம்மா.”

தூக்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு தரம் ஏற்றிச் சரிசெய்துகொண்டாள். “என்னம்மா இவ்ளோ லேசா இருக்க? ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?” என்று அதட்டினாள். மகளுக்கு இன்னும் உயரம் போதாததால் அம்மாவின் நல்ல கால் அவ்வப்போது தரையில் உரசியது. அம்மா முழங்காலை மடக்கிக்கொண்டாள். தபால் நிலையம், சலூன், மாவு மில் எல்லாவற்றையும் அப்படியே கடந்தார்கள். காய்கறிக்காரர் கூடையை மூடிக்கொண்டே, “என்ன, காலா?” என்று கேட்டார். “ஆமா, பிசகிடுச்சு” என்றாள் குண்டுமணி. “சுடுதண்ணி ஊத்துங்க” என்றார் அவர். அம்மா மகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வலிக்கிறதா என்று மகள் கேட்டதற்கு, இல்லை, நடந்துகொண்டே இரு என்றாள்.

லிஃப்ட் மெக்கானிக் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தான். சந்துமுனையில் அவர்களைப் பார்த்ததும் வாயிற்கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து வைத்தான். “மெதுவா, படி ஈரமா இருக்கு” என்றான். ஒரு செருப்பு மேம்பாலத்திலேயே விழுந்துவிட்டது என்று குண்டுமணி சொன்னாள். அவன் குடையை மறுபடி விரித்துக்கொண்டு அதை எடுத்துவரப் போனான்.