தாமாகத் தைத்துக்கொண்ட சட்டைகள்

பழந்துணிக் கூடத்துப் பெண்கள் திங்கட்கிழமை பிரித்துப்போட்ட அறுபது சட்டைகளும் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தாமாகத் தைத்துக்கொள்ளத் தொடங்கின. குப்பைக்கூடையில் கிடந்த நூல் துண்டுகள் எழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பழைய ஊசித் துளைகளையே தேடி நுழைந்தன. கை தோளில் ஏறியது, காலர் கழுத்தில் உட்கார்ந்தது. நூலை அடியோடு உருவாமல் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று தையல் டீச்சர் எல்லோரையும் திட்டிவிட்டு மறுபடி பிரிக்கச் சொன்னார். மூன்று நாள் பிரித்தார்கள், மூன்று நாளும் அவை தைத்துக்கொண்டன.

கூடத்தின் பிழைப்பே பிரிப்பதில்தான் இருந்தது. புருஷன் விட்டுப்போனவள், புருஷனை விட்டு வந்தவள் என்று இருபத்திரண்டு பெண்கள் ஆறு மாதம் தையல் பழகி, ஊர் கழித்த துணிகளைப் பிரித்து, பையாகவும் தலையணை உறையாகவும் தைத்துக் கொடுத்தார்கள். இவர்கள் இனிச் சொந்தக் காலில் நிற்பார்கள் என்று திறப்பு விழாவில் பேசினார்கள். தினமும் ஒன்பது மணி நேரம் நின்றதென்னவோ உண்மை. அவர்களில் மூத்தவளுக்குக் கண் சற்று மங்கல் என்பதால் பொத்தான் வெட்டி எடுக்கும் வேலையைக் கொடுத்திருந்தார்கள், பெயரும் பொத்தான்காரி என்றே ஆகிவிட்டது. நான்காம் நாள் அவள்தான் ஒரு சட்டையின் அக்குளில் விரலை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். நான்கு தையல் கூடும் அந்த முனையில் ஒரு தையல் கூடுதலாக இருந்தது. அவள் மகள் எதைத் தைத்தாலும் அப்படித்தான் முடிப்பாள். "அக்குள்ல பிரிஞ்சா ஊருக்கே தெரியும்மா, அதான் கூட ஒண்ணு" என்பாள்.

அந்தச் சட்டை மூட்டை எங்கிருந்து வந்தது என்று பொத்தான்காரி கேட்டாள். "எரிஞ்சுபோன சட்டை ஆலையோட கிடங்குச் சரக்கு. தண்ணி பட்டதுன்னு கழிச்சு விட்டுட்டாங்க" என்றார் டீச்சர், சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உணர்ந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஆலையில் ஒரு மாலை நான்கு பத்துக்குத் தீப்பிடித்தது. துணி வெளியே போய்விடக்கூடாது என்று கதவை வெளிப்பக்கம் பூட்டியிருந்தார்கள். பதினேழு பெண்கள் எரிந்துபோனார்கள். அன்று காலை மகள் தலை வலிக்கிறது, வீட்டிலேயே இருக்கட்டுமா என்று கேட்டாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு போ என்று சொன்னவள் பொத்தான்காரி. அந்தச் சொல்லை அவள் அன்றிலிருந்து மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்திருந்தாள்.

அதன்பின் எல்லோரும் கவனித்துப் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் பதினேழு தையல்தான் ஓடியது. சரியாக நான்கு பத்துக்குப் பதினேழும் கோணி, துணியை விட்டு வெளியேறிக் கதவுப் பக்கமாக ஓடின, பாதி வழியில் தொய்ந்து விழுந்தன. கொஞ்சம் புகை வாடை வந்தது. தினமும் இதுவே நடந்தது. அப்படியென்றால் தன் மகள் தினமும் சாகிறாள் என்று பொத்தான்காரிக்குப் புரிந்தது, அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

கூடத்தின் பொறுப்பாளர் அம்மா காரியக்காரி. எப்படியும் தைக்கிறார்கள், பையைத்தான் தைக்கட்டுமே என்று வெட்டிய துண்டுகளை மேசையில் வரிசையாக வைக்கச் சொன்னார். பைகள் தைக்கப்பட்டன. தேநீர் கேட்காத, ஒதுங்கப் போகாத பதினேழு பேர். ஒரு கடைக்காரர் கேட்டிருந்த ஐந்நூறு பையும் குறித்த நாளுக்கு முன்பே முடிந்துவிடும்போல் இருந்தது. "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் ஒருத்தி. "இனி உயிரோட இருக்கிற நமக்கு இங்க என்ன வேலை?" என்றாள் இன்னொருத்தி. நான்கு பத்துக்குத் தையல் கோணலாகிப் பைகள் வீணாவதைப் பார்த்துப் பொறுப்பாளர் அம்மா நான்கு ஐந்துக்கே துண்டுகளை எடுத்துவிடச் சொன்னார். அப்போதும் வெறும் மேசைமேல் நூல் மட்டும் கதவை நோக்கி ஓடியது.

பொத்தான்காரி போய்க் கேட்டாள். "அவங்களை நாலு மணிக்கே விட்டுடுங்கம்மா. அஞ்சு நிமிஷந்தானே."

"பதினேழு பேருக்கு அஞ்சு நிமிஷம்னா கிட்டத்தட்ட ஒண்ணரை மணி நேர வேலை" என்றார் பொறுப்பாளர் அம்மா. கெட்ட மனுஷி இல்லை, கணக்குப் பார்க்கிறவர்.

மறுநாள் நான்கு மணிக்குப் பொத்தான்காரி யாரையும் கேட்காமல் எழுந்தாள். இடைவேளைக்குத் தட்டும் இரும்புத் தகட்டைக் கைவலிக்கத் தட்டினாள், இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். "மணி அடிச்சாச்சு. எல்லாரும் கிளம்புங்க" என்றாள். பதினாறு தையல் முடிச்சுப் போட்டு நின்றன. ஜன்னல் ஓரத்தில் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்த வேலையை முடிக்காமல் எழுந்திருக்காத பெண் அவள், சோறு ஆறினாலும் வரமாட்டாள். கடிகாரத்தில் நான்கு ஏழு. பொத்தான்காரி அந்த மேசைக்கு ஓடி, ஓடும் நூலின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "மிச்சத்தை நாளைக்குத் தைச்சுக்கலாம். எழுந்திரும்மா." கைக்குக் கீழே நூல் இரண்டு தரம் துடித்தது, கூடுதலாக ஒரு தையல் போட்டது, நின்றது. கதவுத் திரை வெளிப்பக்கமாக அசைந்தது. நான்கு பத்து வந்து போயிற்று. புகை வாடை இல்லை. அவள் தரையில் உட்கார்ந்து, சாவு வீட்டில்கூட அழாத அழுகையை அழுதாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பதினேழு தையலும் மறுபடி ஓடத் தொடங்கின. "நாளைக்குன்னு ஏன் சொன்னே? போயிடுங்கன்னு சொல்லியிருந்தா ஒரேயடியாப் போயிருப்பாங்களே" என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "பெத்த பொண்ணை வேற எப்படிக் கூப்பிடுறது" என்றாள் பொத்தான்காரி. போயிடு என்று சொல்ல அதன்பிறகும் அவளுக்கு நாக்கு எழவில்லை.

இப்போது ஒன்பது வருடமாகிறது. பொறுப்பாளர்கள் மூன்று பேர் மாறினார்கள். இருபத்திரண்டு பேரில் ஆறு பேர் மிஞ்சினார்கள், மற்றவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பொத்தான்காரிக்குக் கண் முழுதாகப் போய்விட்டது, நேரத்தை யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். நான்கு மணிக்குத் தகட்டைத் தட்டுகிறாள், கதவுகளைத் திறக்கிறாள், ஜன்னல் ஓரத்து மேசைக்குப் போய் நாளைக்குத் தைச்சுக்கலாம் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்துவிடுகிறாள். அந்த ஆலையில் ஞாயிறும் வேலை உண்டு.