அசையாத கட்டம்

அப்பாவின் முதுகில் புண்ணைப் பார்த்ததும் அக்காமேல் பாய்ந்தேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"விரலைத் தூக்கினா வந்து பார்க்கணும். அதுக்குக்கூட நேரமில்லையா? கண்ணை எங்க வச்சிருந்தே?"

பக்கவாதம் வந்தபின் அப்பாவால் அசைக்க முடிந்தது சுண்டுவிரல் மட்டும். வலித்தால், தாகமெடுத்தால் அதைத் தூக்குவார். முன்னறையில் துணி தைக்கும் அக்கா ஃபோனில் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வாரத்துக்கு முன் கட்டிலுக்கு மேலே கேமராவை மாட்டியது நான். வீடியோவை அந்தந்த நொடியே சுருக்கி அனுப்பும் அதன் சிப்பும் நான் வடிவமைத்ததுதான். அன்றைக்கு என்ன அலட்டல் அலட்டினேன்!

"சத்தியமா தூக்கலைடா," என்றாள் அக்கா, கண் கலங்கி. "ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் திருப்பிதான் படுக்க வைக்கிறேன். நடுவுல கூப்பிடவே இல்ல. வலி குறைஞ்சிடுச்சுபோலன்னு நினைச்சேன்."

"கதை விடாதே."

அவள் வெந்நீர் எடுக்கப் போனாள். நான் அவளுடைய ஃபோனோடு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளிச்சம் அவர் கண்ணுக்கு ஆகாது என்று ஜன்னலில் திரை போட்டு அறையை மங்கலாக வைத்திருந்தாள். கட்டிலில் விரல் நூலளவு எழுந்தது. ஃபோனில் எழவில்லை. மறுபடி எழுந்து, நடுங்கி, விழுந்தது. ஃபோனில் அதே கை, அப்படியே.

படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, மாறிய கட்டத்தை மட்டும் அனுப்பும் அந்தச் சிப். மாறாத இடத்தில் பழைய கட்டமே நிற்கும். எவ்வளவு மாறினால் மாற்றம் என்று எல்லை வைத்தவன் நான். மங்கலான வெளிச்சத்தில் படம் சும்மாவே புள்ளி புள்ளியாக மினுங்கும், அத்தனையையும் அனுப்பிச் சிப் சூடாகிறதென்று அந்த வெளிச்சத்துக்கு மட்டும் எல்லையை ஏற்றினேன். அலுவலகத்தில் சிப்பைச் சோதனை செய்த பெண் தடுத்துப் பார்த்தாள். "இருட்டுல இத்தனூண்டு அசைஞ்சா யாருக்கு என்னம்மா?" என்று அவள் வாயை அடைத்தேன். சிப்பில் பதித்தாயிற்று, இனி மாற்ற வழியில்லை.

அக்கா பாத்திரத்தோடு வந்தாள்.

"அக்கா, உன்மேல தப்பே இல்ல. அவர் தூக்கியிருக்கார். என் சிப்தான் காட்டல. பாவி, நான்தான்."

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை.

"அப்போ மூணு வாரமா கூப்பிட்டுட்டே இருந்திருக்காரா?"

தலையாட்டினேன். அவள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"துணி கொடுக்க வர்றவங்ககிட்ட நான் சிரிச்சுப் பேசுறதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்குமேடா."