பிரம்பு நாற்காலியும் ஒன்பது வயது முட்டிவலியும்

1

இந்தக் கதை எனக்கு டவுன் பஸ்ஸில் கிடைத்தது. ஆனையூரில் ஏறிய ஒரு சிறுமி, சீட்டில் உட்காரும்போது கிழவி மாதிரி "யம்மாடீ" என்று முனகினாள். பக்கத்தில் உட்கார்ந்த அவள் அம்மாவும் அதே ராகத்தில் முனகினாள். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் வரி இப்படி ஆரம்பித்தேன்: 1981. மதுரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு...

(அடித்துவிட்டேன். மதுரையில் எந்தக் கதைக்குத்தான் வெயில் இல்லை?)

2

அம்மாவுக்கு ஜெயக்கொடி என்று பேர் வைத்தேன். அலங்காநல்லூர்ப் பக்கம், நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடியவள். புருஷன் சோணைக்கு மில்லில் வேலை கிடைத்து ஆனையூருக்குக் குடிவந்தார்கள். முதல் சம்பளத்தில் அவன் வாங்கி வந்தது ஒரு பிரம்பு நாற்காலி.

"எங்காத்தா சாகுற மட்டும் ஒரு நிமிசம் உக்காரல. நீயாச்சும் உக்காரு புள்ள."

அந்த அன்பில் உட்கார்ந்தவள்தான். கடை கண்ணிக்கெல்லாம் அவனே போய்வந்தான். சில வருஷத்தில் அவளுக்கு முட்டி பிடித்துக்கொண்டது.

3

ஒன்பது வயது மகள் சீனி, பள்ளிக்கூடத்தில் ஓடச் சொன்னால் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். முட்டி வலிக்கிறதாம். ஜெயக்கொடி பதறிப்போனாள். தைலம் தேய்த்தாள், சாமிக்கு நேர்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள்.

(இங்கே டாக்டரை விட்டு விளக்கம் சொல்ல வைத்திருக்கலாம். கதைக்குள் வந்தால் லேசில் போகமாட்டார், வேண்டாம்.)

ஒரு சாயங்காலம் ஜெயக்கொடி நாற்காலியில் இருந்தபடியே கத்தினாள். "போயி புள்ளைகளோட ஓடியாடி வெளாடுடி!"

"நீ மட்டும் உக்காந்திருக்க?"

"எனக்கு முட்டி வலிடி."

"எனக்குந்தேன்."

சீனி இடது முட்டியைத் தேய்த்தாள். ஜெயக்கொடிக்கும் இடதுதான். தேய்க்கும்போது அவளைப் போலவே ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

ஜெயக்கொடிக்கு, பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க இதுதானா கிடைத்தது என்று அழுகையாக வந்தது.

4

எழுந்து சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"முக்கு வேப்பமரம் மட்டும் ஓடுவோம். வாறியா?"

"தெருவுல பாப்பாகம்மா!"

"பாத்துட்டுப் போகட்டும்டி."

அதை ஓட்டம் என்று சொன்னால் ஓட்டத்துக்கே கோபம் வரும். சீனி வாயைப் பொத்திச் சிரித்தாள். பின்னாலேயே போனாள். அப்புறம் முந்தினாள்.*

* இந்த "முந்தினாள்" எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது?

5

முடிவுதான் இடிக்கிறது. மரத்தைத் தொட்டு அவர்கள் திரும்பும்போது, மில் விட்டு சோணை சைக்கிளில் வருகிறான். வெயில் படாமல் வைத்திருந்த பெண்டாட்டி நடுத்தெருவில் ஓடிவருகிறாள்.

ஒரு முடிவில் அவன் கத்தினான். அடித்துவிட்டேன், அவன் அப்படிப்பட்டவன் இல்லை. இன்னொன்றில் அவனும் சேர்ந்து ஓடினான். அதையும் அடித்தேன். ஷிப்டு முழுக்க நின்ற கால் அது.

"என்ன பாக்குறீக?" என்றாள் ஜெயக்கொடி, மூச்சு வாங்க. "நின்னு நின்னு ஓஞ்ச காலு. போயி நாக்காலில நீங்க உக்காருங்க."

"யம்மா, இன்னொருக்கா!" என்று கத்திக்கொண்டே சீனி மரத்தை நோக்கி ஓடினாள்.

அவன் போய் உட்கார்ந்தானா? அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும். உட்காரும்போது அவன் முனகினால், சீனி காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.