நான்காவது சக்கரம்

பல் டாக்டர் தன் வாழ்நாளில் எத்தனையோ பேரை மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார். அவரே மல்லாந்து படுத்து வாயைப் பிளந்துகொண்டிருப்பது இதுதான் முதல் தடவை. வாய்க்குள் டார்ச் இருந்தது. வயிற்றின் மேல் ஒரு சக்கரம் இருந்தது. சட்டைப்பையில் நான்கு நட்டும் நான்கு வாஷரும் இருந்தன. முகத்துக்கு மேலே, அவரே அறுத்து, அவரே ஒட்டி, அவரே திருகிய வேலைமேசை இருந்தது.

மேசையென்றால் ஏதோ இஸ்திரி போடுகிற மேசை இல்லை. இரண்டு பலகைகளை ஒன்றாக ஒட்டிய மேல்தளம். கதவு நிலைக்குப் போடுகிற பருமனில் கால்கள். காலுக்குக் கால் தரையை ஒட்டிக் குறுக்குச்சட்டம். ஒரு மூலையில், கட்டையைக் கவ்விப் பிடிப்பதற்கான இரும்பு வைஸ், போல்ட் போட்டு இறுக்கியது. அதை மட்டும் தூக்கவே டாக்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இத்தனையும் காலுக்கு ஒன்றாக நான்கு சக்கரத்தின் மேல் உருள வேண்டும். வேலையின்போது அறையின் நடுவுக்கு. வேலை முடிந்ததும் சுவரோரத்துக்கு.

மூன்று சக்கரங்கள் மாட்டியாகிவிட்டன. வைஸ் இருந்த மூலைக்கு மட்டும் பாக்கி.

மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து நான்கையும் மாட்டிவிட்டு அப்புறம் நிமிர்த்துவதுதான் முறை. டாக்டரும் அப்படித்தான் ஆரம்பித்தார். மூன்றாவது சக்கரத்தோடு போல்ட் தீர்ந்துபோனது. போல்ட் வாங்கப் போவதற்கு முன்னால், நிமிர்ந்து நின்றால் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட ஆசை வந்தது. சிலிண்டர் போட வந்த இரண்டு பேரைக் கெஞ்சி நிமிர்த்தினார். தூக்கிவிட்டு, "சார், இது மேசையா, பாலமா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். டாக்டர் வைஸையும் மாட்டி, தள்ளி நின்று, சுற்றி வந்து, கண்ணில் தண்ணீர் வரப் பார்த்தார். போல்ட்டும் வாங்கி வந்தார். அதன் பிறகுதான் அதைத் திரும்பக் கவிழ்க்க ஆள் இல்லை என்பது உறைத்தது. கார் ஜாக்கியை வைத்து அந்த மூலையைத் தாராளமாக உயர்த்தி, குறுக்குச்சட்டத்துக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

இவ்வளவு பாடும் ஒரு மின்ரம்பத்துக்காக. பழைய மடக்குமேசை ஆடிய ஆட்டத்தில் அந்த ரம்பம் ஓடிக்கொண்டே கீழே விழுந்து, அறையில் தானாக ஊர்ந்துபோய், செருப்பு ஸ்டாண்டில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றது. டாக்டரின் கட்டைவிரல் அதற்கு மிக அருகில் இருந்தது. அன்றைக்கே அவர் மனைவி ரம்பத்தைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். தீர்ப்பும் சொன்னாள்: ஆடாத, ஓடாத மேசை ஒன்று செய்து, அதற்கு அவள் அண்ணன் பாஸ் போட்டால் ரம்பம் வெளியே வரும். இல்லாவிட்டால் ரம்பத்தை யாருக்காவது கொடுத்துவிட்டு, பொழுதுபோக்குக்குப் பட்டறை ஆக்கியிருந்த இந்த அறையைக் காலி செய்து, அண்ணன் வீட்டில் இடமில்லாமல் கிடக்கிற நடைப்பயிற்சி எந்திரத்தை அங்கே கொண்டுவந்து போட வேண்டியது. அண்ணன் அதில் நடந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அதற்கு ஓர் அறை தேவைப்பட்டது.

அண்ணனுக்குப் பேருந்துப் பணிமனையில் பிரேக் சோதிக்கிற வேலை. சொந்தக்காரர்களுக்குள் அவர் பெயர் 'ஃபெயில்'. ஓடுகிறது எதையும் அவர் நம்புவதில்லை; நிற்கிறதை அதைவிட நம்புவதில்லை. அவருக்குப் பிள்ளை பிறந்த அன்று, சேதி சொல்ல வந்த நர்ஸிடம், "ஸ்ட்ரெச்சர்ல இடது பக்க முன்சக்கரம் ஆடுதும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் ஆணா பெண்ணா என்று கேட்டார்.

அவர் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. இப்போது மத்தியானம்கூட ஆகவில்லை. அதனால்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது டாக்டர் வயிற்றின் மேலிருந்த சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை! எங்க இருக்கீங்க? யாருக்காவது பல்லு புடுங்கப் போயிட்டீங்களா?"

டாக்டர் டார்ச்சைத் துப்பினார். "வாங்க மச்சான். சாயங்காலம் வர்றதாத்தானே பேச்சு?"

"சொன்ன நேரத்துக்கு வந்தா அதுக்குப் பேரு சோதனையா, விருந்தா? குரல் வருது, ஆளைக் காணோமே."

"மேசைக்கு அடியில இருக்கேன். சும்மா, பாலிஷ் போட்டுட்டு."

"அடியிலயா? அதை யாரு பாக்கப் போறா?"

"பல்லுக்குப் பின்பக்கத்தையும் நாங்க சுத்தம் பண்ணுவோம் மச்சான். ஒரே ஒரு நிமிஷம், நீங்க உள்ள போய் உக்கா…"

மச்சான் உட்கார்ந்துவிட்டார். உள்ளே போய் அல்ல, மேசை மேல். சக்கரம் இல்லாத மூலைக்கு நேர் எதிர் மூலையில், பஸ் சீட்டின் ஸ்பிரிங்கைச் சோதிக்கிற பழக்கத்தில், எம்பி, தொம்மென்று.

மேசை ஒரு குலுக்குக் குலுங்கி உருண்டது. மூன்று சக்கரத்திலும் பிரேக் உண்டு. மிதித்தால் நன்றாகப் பிடிக்கும். யாரும் மிதிக்கவில்லை. ஜாக்கி ஒரு கணம் யோசித்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, டாக்டருக்கும் சுவருக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. உயர்ந்திருந்த மூலை கீழே இறங்கியது. குறுக்குச்சட்டம் டாக்டரின் நெஞ்சுக்கு இரண்டு விரல்கடை மேலே வந்து நின்றது.

நின்றுவிட்டது. அதுதான் விசேஷம்.

எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் டாக்டர் நிலைமையைப் பார்த்தார். வைஸின் கனத்துக்கு இந்த மூலை கீழே வந்தே ஆக வேண்டும். வராமல் இருப்பதற்கு ஒரே காரணம், எதிர் மூலையில் உட்கார்ந்திருக்கிற மச்சானின் உடம்பு. மச்சான் எழுந்தால் மூலை ஒரு சாண் இறங்கும். நடுவில் டாக்டர் இருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் ஃபெயில். ரம்பம் போச்சு, அறை போச்சு, நடைப்பயிற்சி எந்திரம் வந்தாச்சு. நான்கு நட்டைப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதுவரைக்கும் இந்த மனுஷனை உட்கார வைத்தால் போதும்.

"என்ன மாப்பிள்ளை, ஒரு குலுக்கு குலுங்கிட்டு அப்புறம் ஆடவே மாட்டேங்குது?" மேலேயிருந்து சந்தேகம் வந்தது.

"ஆடாதுங்க."

"அதான் எனக்கு உறுத்துது."

டாக்டர் சக்கரத்தைத் தூக்கிக் காலுக்கு அடியில் வைத்து, கீழேயிருந்து போல்ட்டுகளைத் துளைகளுக்குள் நுழைத்தார். முதல் தடவையே நான்கும் நுழைந்துவிட்டன. வேறு ஒரு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஒரு கையால் சக்கரத்தை ஏந்திக்கொண்டு, இன்னொரு கையின் இரண்டு விரல்களைச் சட்டத்துக்கும் சட்டைப்பைக்கும் நடுவே விட்டு ஒரு நட்டை எடுத்தார். அது விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, உருண்டு, மச்சான் தொங்கப்போட்டிருந்த காலுக்குக் கீழே போய் நின்றது.

"என்னது அது?"

"நட்டு மச்சான். மிச்சம்."

"செஞ்சு முடிச்ச சாமான்ல நட்டு மிச்சமா? இருங்க, எறங்கிப் பாக்கறேன்."

மச்சான் கையை ஊன்றிப் பாதி எழுந்தார். குறுக்குச்சட்டம் சத்தமே இல்லாமல் கீழே வந்து டாக்டரின் சட்டைப் பொத்தானைத் தொட்டது.

"மச்சான்!" டாக்டரின் குரல், குழந்தைகளுக்குப் பல் பிடுங்கும்போது வருகிற தேன் குரலாக மாறியது. "ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். காத்து பிரேக்குக்கும் எண்ணெய் பிரேக்குக்கும் என்னங்க வித்தியாசம்?"

ஊன்றிய கை அப்படியே நின்றது. தங்கைக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. அவர் வீட்டிலும் மனைவி கேட்டதில்லை. அவர் பிள்ளை, கேட்டுவிடக் கூடாதே என்று கவனமாக வளர்ந்தவன். மச்சான் மெல்ல உட்கார்ந்தார். சட்டம் மேலே போனது.

"நல்லா கேட்டீங்க மாப்பிள்ளை," என்றார். "மொதல்ல எண்ணெய்லேர்ந்து வருவோம்."

எண்ணெயிலிருந்து வந்தார். டாக்டர் "ஆகா" போட்டுக்கொண்டே பையைத் துழாவினார். ஒரு கை சக்கரத்தில். போல்ட்டின் நுனியோ மறு கைக்கு எட்டாமல் காலுக்கு அந்தப் பக்கம், காலடியில் பொருத்திய இரும்புத் தகட்டுக்கு மேலே இருந்தது. நட்டை வெளியிலிருந்துதான் போட முடியும். இது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. 

"…அந்த எண்ணெய்ல துளி காத்து புகுந்துச்சுன்னு வைங்க, மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது…"

"அண்ணா, எப்போ வந்தே?" டீ டம்ளர்களோடு டாக்டரின் மனைவி உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தாள். அவளை அறியாமல் முகம் மலர்ந்தது. "அட, நீ ஏறி உக்காந்தும் நிக்குதே! கெட்டியாத்தான் பண்ணியிருக்காரு. நானும் ஏறிப் பாக்கட்டா?"

டம்ளர்களை மேசை மேல் வைத்துவிட்டு, ஏறுவதற்குப் பிடிமானமாக வைஸின் மேல் கை வைத்தாள். சட்டம் இறங்கியது. பொத்தான் உடைந்தது.

"தொடாதே!"

அவள் கையை எடுத்தாள். சட்டம் உயர்ந்தது. டாக்டருக்கு மூச்சு திரும்பி வந்தது. வந்த மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார்: நாலாவது சக்கரத்துக்கு நட்டு போடவில்லை, ஜாக்கி விழுந்துவிட்டது, மச்சான் எழுந்தால் என் நெஞ்சு இல்லை.

அவள் குனிந்து பார்த்தாள். "ஐயோ! இது என்னங்க கோலம்?"

"பாலிஷ்னு சொன்னீங்களே மாப்பிள்ளை." மச்சானின் குரலில் கோபத்தைவிடத் துக்கம் இருந்தது. "அப்போ எண்ணெய் பிரேக்கு?"

"அது நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான்…"

"அண்ணா, நீ அசையாதே!"

"நான் எங்க பாப்பா அசையறேன்? மூச்சே விடலை." அவருக்கு இப்போதுதான் தன் பதவி புரிந்தது. எத்தனையோ பேருந்துகளை நிறுத்தியவர். தானே பிரேக்காக உட்கார்ந்தது இதுவரை இல்லை. "ஆனா ஒண்ணு பாப்பா. இந்த மரத்தூள்… எனக்கு மூக்குல…"

"தும்மக் கூடாது!" என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே குரலில்.

மச்சான் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"ஜாக்கியை எடுக்கட்டுமா?"

"எனக்கும் சுவத்துக்கும் நடுவுல மாட்டியிருக்கு. மேசையை நகத்தாம வராது. ஸ்பேனர் பக்கத்துலயே கிடக்கு பாரு. நட்டு என் பையில."

அவள் மண்டிபோட்டாள். சட்டத்துக்கு அடியில் விரலை நுழைத்துப் பையிலிருந்ததை வழித்து எடுத்தாள். அண்ணன் காலடியில் கிடந்த நட்டையும் பொறுக்கினாள். ஸ்பேனரை அவள் இதுவரை கையில் எடுத்ததில்லை. தோசைத் திருப்பி மாதிரி பிடித்தாள்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"கடிகாரம் சுத்தற பக்கம்."

"மேலேர்ந்து பாத்தாலா, கீழேர்ந்து பாத்தாலா?"

இந்தக் கேள்வி நியாயமானது என்பதால் டாக்டருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. "நீ பாக்கற பக்கத்துலேர்ந்து. மேலேர்ந்து. மொதல்ல நாலையும் கையாலயே போடு. வாஷரை மறக்காதே."

"பேசாதீங்க. பேசினா நெஞ்சு ஏறி எறங்குது, பயமா இருக்கு."

மேலே மச்சான் மூக்கைப் பிடித்த குரலில், "சீக்கிரம் பாப்பா," என்றார். தோள்கள் குலுங்கத் தொடங்கியிருந்தன. மேசை கூடவே முனகியது. முதல் நட்டு ஏறியது. இரண்டாவது கோணலாகப் பிடித்து, கழற்றி, மறுபடி ஏறியது. டாக்டரின் கை மரத்துப்போய், சக்கரம் தன் கையில் இருக்கிறதா தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"கொஞ்சம் அழுத்தற மாதிரி இருக்கும்," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்பியபடி. "வலிக்காது."

தினமும் தான் சொல்லும் அந்த வாக்கியம் இவ்வளவு பெரிய பொய் என்று டாக்டருக்கு அதுவரை தெரியாது.

"அண்ணா, அவ்ளோதான். இப்ப…"

மச்சான் தும்மினார். அதுவரை சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே தும்மலாக வந்தது. அந்த வேகத்தில் அவரே மேசையிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்போல் தரையில் வந்து நின்றார். டம்ளர்கள் கவிழ்ந்தன. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூலை இறங்கியது, நூலளவு. சக்கரம் தரையில் 'டக்' என்று உட்கார்ந்தது. அவ்வளவுதான். சட்டம் நெஞ்சுக்கு மேலே, அதே இரண்டு விரல்கடையில் நின்றது. டீ மட்டும் பலகை விளிம்பிலிருந்து டாக்டரின் காதுக்குள் சொட்டியது.

 மச்சான் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடுப்பில் கை வைத்தார். பணிமனையில் டிரைவர்கள் பயந்து நடுங்குகிற அந்த மூச்சை உள்ளே இழுத்தார்.

"பாப்பா, அண்ணன் சொல்றேன்னு தப்பா நெனைக்காதே. இது ஃபெ…"

"அண்ணா." அவள் எழுந்து நின்றாள். முழங்கையெல்லாம் மரத்தூள். கையில் ஸ்பேனர். "அந்த நாலு நட்டும் நான் முடுக்கினது. இப்ப சொல்லு."

மச்சான் ஸ்பேனரைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். கடைசியில், மேசைக்கு அடியில் தெரிந்த டாக்டரின் ஒற்றைக் கண்ணைப் பார்த்தார். அதில் உதவி எதுவும் இல்லை.

"ஃபெ… பெரிய குறைன்னு ஒண்ணும் இல்லை," என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னதால் அது அவருக்கு வாயில் சரியாகப் படியவில்லை.

டாக்டரை முதலில் வெளியே இழுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை; அவள் உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் டாக்டருக்குக் கேட்டது. பூட்டின் ஒலியில் இப்படி ஒரு இனிமை இருக்கும் என்று யார் கண்டது. அவருக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கையை அசைக்க முடியவில்லை. மேலே, மேசைக்கால் பக்கம், நான்கு நட்டுகளின் ஓரம் வெளிச்சத்தில் தெரிந்தது. பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றுக்கு வாஷர் இருந்தது. நான்காவதற்கு இல்லை. ஸ்பேனருக்குக் கொஞ்சம்கூடப் படியாமல் கோணலாக, வெறும் பிடிவாதத்தில் நின்றுகொண்டிருந்தது அது.

ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தாள். "இந்த மூலைதான் கெட்டி. இங்கயே வைக்கறேன்," என்று அவர் நெஞ்சுக்கு நேர் மேலே கொண்டுவந்தாள். "வைக்கலாம்லங்க?"

சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். சொன்னால் ரம்பம் வந்த வழியே அலமாரிக்குத் திரும்பும், மச்சான் பாக்கி எழுத்துகளையும் சொல்லி முடிப்பார், எல்லாவற்றுக்கும் மேலாக அவள் முகத்தில் இப்போது இருக்கிற அந்த மலர்ச்சி போய்விடும்.

"தாராளமா வை," என்றார் பல் டாக்டர். முடிந்தவரை மூச்சை வெளியே விட்டு, நெஞ்சைத் தட்டையாக்கிக்கொண்டு காத்திருந்தார்.